பாடத்தில் உள்ளதை எழுதவும்

அல் கோபார்
18 ஏப்ரல் 2004

வடிவின் இரண்டாவது மகள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான்.

போன திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியது நான். கோவில்பட்டி என்று சொன்னேன். "யாருக்கு என்ன வேணும் நீங்க?" என்று தமிழில் கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்ப அழைத்தேன். வேறு ஒருவர் எடுத்து, எடிட்டர் சாப் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். மணி காலை பத்து.

அன்புள்ள மாமா. அம்மாவுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. அதனால் இந்தச் சொல்லை இதற்கு முன் யாருக்கும் எழுதியதில்லை.

என் பெயர் சந்தியா. கணவர் விமல் இங்கே குழாய் செய்யும் கம்பெனியில் என்ஜினியர். ஒரே மகள் தன்யா, எட்டாம் வகுப்பு. பள்ளியில் மூன்றாவது மொழி இந்தி. நான் வளர்ந்த வீட்டில் அந்த மொழி நுழைந்ததில்லை. ரேடியோவில் வந்தால் அப்பா எழுந்து போய் அணைப்பார். மகளின் வீட்டுப்பாடத்துக்காக முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகினேன். இங்கே தமிழ் அம்மாக்கள் பலர் அப்படித்தான். பிள்ளைகள் பாஸ், நாங்கள் அரைப் பாஸ்.

இந்த வருடப் புத்தகத்தில் ஏழாம் பாடம் ஒரு கவிதை. தலைப்பு 'தீதீ', அக்கா என்று அர்த்தம். எழுதியவர் பத்மநாப் 'தட்சிணி'. மேலே கட்டம் கட்டி ஒரு வாழ்க்கைக் குறிப்பு, தேர்வுக்கு மனப்பாடம் செய்ய. தன்யா ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிறப்பு 1945, தமிழ்நாட்டில் கோவில்பட்டி. 1965இல் கான்பூர். நாளிதழில் இருபத்தெட்டு ஆண்டுகள். இரண்டு கவிதைத் தொகுப்புகள். 2000 முதல் துபாயில் தொழிலாளர்களுக்கான இந்தி இதழின் ஆசிரியர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். உடன்பிறந்தோர் எவருமில்லை.

கடைசி வரியை அவள் இரண்டு முறை சொன்னாள். அது அடிக்கடி கேட்கப்படுவதாம்.

அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியும். வீட்டை விட்டுப் போன வருடம் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. கட்டத்துக்குள் தபால்தலை அளவில் உங்கள் படம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

அம்மா நலம். அப்பா மூன்று வருடம் முன் காலமானார். உங்கள் உடம்பு எப்படி? சர்க்கரை நம் குடும்பத்தில் நாற்பத்தைந்தில் வருகிறது. பார்த்துக்கொள்கிறீர்களா?

சந்தியா

*

அல் குசைஸ், துபாய்
2 மே 2004

அன்புள்ள சந்தியாவுக்குப் பத்மநாபன் எழுதிக்கொண்டது.

நான் தேக சௌக்கியத்தோடு இருக்கிறேன். உன் கணவரும் குழந்தையும் நீயும் அவ்வாறே இருக்க வேண்டும். சர்க்கரை ஐம்பதில்தான் வந்தது. ஐந்து வருடம் எனக்குத் தள்ளுபடி கிடைத்திருக்கிறது.

தொலைபேசியை வைத்தது மரியாதையில்லை. பேசத் தமிழ் வரவில்லை. எழுதினால் வருகிறது, ஆனால் 'ழ' போடும் இடத்தில் கை நின்று யோசிக்கிறது. முப்பத்தொன்பது வருடம்.

இங்கே ஒரு வேடிக்கை. என் அறையில் கூட இருப்பவர் சுஐபு, காயல்பட்டினம், பலசரக்குக் கடையில் வேலை. சமையல் முறை ஆளுக்கொரு நாள். நான் இந்திக்காரன் என்று எண்ணி இரண்டு வருடமாக என்னிடம் இந்தியில் திண்டாடியவர். உன் உறையின் மேல் தமிழ் முகவரியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க தமிழா காக்கா? ரெண்டு வருஷமா 'நமக் கம், நமக் கம்'னு ஒங்ககிட்ட அழுதேனே! உப்பு கம்மியாப் போடுங்கன்னு ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!" என்றார். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் தமிழில் திட்ட ஆரம்பித்தார். இன்னும் நிறுத்தவில்லை.

இதழ் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. எட்டுப் பக்கம். எழுதுவது, பிழை பார்ப்பது, கேம்ப் கேம்பாகக் கொண்டு போடுவது எல்லாம் நானும் இன்னொருவரும். ஊர்ச் செய்தி, விசா விதிகள், கடைசிப் பக்கத்தில் தொழிலாளர் அனுப்பும் கவிதை. பாதிக்கு மேல் மனைவியைப் பற்றியது.

"அம்மா நலம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். பத்திரிகைக்காரனுக்கு இது போதாது. நடக்கிறாளா? கண் தெரிகிறதா? உன் அப்பா அம்மையப்பன் காலமானது எனக்குத் தெரியாது. என்னைவிட நாலு வகுப்பு மூத்தவர். மேடையில் பேசினால் பனைமரம் கைதட்டும்.

பத்மநாபன்

*

அல் கோபார்
17 மே 2004

அன்புள்ள மாமா,

இங்கே மூவரும் சுகம். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. உள்ளே ஏசி இரைச்சல்.

அம்மா நடக்கிறாள். இடது முழங்கால் மாடிப்படியில் மட்டும் தகராறு. கண்புரை அறுவை முடிந்துவிட்டது. பல் கீழ்வரிசை உண்டு.

சில கேள்விகள். தயிர்ச்சோற்றுக்கு இன்னும் வெல்லம்தான் தொட்டுக்கொள்கிறீர்களா? குளித்தால் காதில் சீழ் வைக்குமே, அது நின்றுவிட்டதா? தூக்கத்தில் பேசுவது உண்டா? கல்யாணம் செய்துகொண்டீர்களா? இல்லையென்றால் யார் வேண்டாமென்றது?

இது என் கேள்வி. அந்தக் குறிப்பில் துபாய் இருக்கிறது. நீங்கள் துபாய் வந்தது 2000இல். அப்படியானால் அதற்குப் பிறகு யாரோ உங்களிடம் கேட்டுத்தான் திருத்தியிருக்கிறார்கள். ஊரைத் திருத்தினீர்கள். கடைசி வரியை ஏன் விட்டுவைத்தீர்கள்?

கவிதையைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வரிதான் தேறியது:

ஊரில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
ஒருத்தி மட்டும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அந்த ஒருத்தி யார் என்று தன்யாவின் டீச்சர் விளக்கியிருக்கிறார். பாரத அன்னையாம்.

மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

சந்தியா

*

அல் குசைஸ்
3 ஜூன் 2004

அன்புள்ள சந்தியாவுக்கு,

நலமே. காது ஆறிவிட்டது, கான்பூர் குளிரில் தானாகவே. வெல்லம் டாக்டர் உபயத்தில் நின்றுபோனது. தூக்கத்தில் பேசுகிறேனாம், அதுவும் தமிழில் என்று சுஐபு இப்போது சொல்கிறார். முன்பு அதை ஏதோ வடநாட்டு மந்திரம் என்று நினைத்திருந்தாராம். கல்யாணம் ஆகவில்லை. வேண்டாமென்றவர்கள் இரண்டு பேர். பெயர் சொல்லத் தேவையில்லை, இருவரும் பாட்டியாகிவிட்டார்கள்.

நாளிதழில் நான் முதல் பன்னிரண்டு வருடம் பார்த்தது மரண அறிவிப்புப் பகுதி. அதில் உயிர்நாடி கடைசி வரி: வருந்துவோர் பெயர்கள். ஒருமுறை இளைய மருமகன் பெயர் விட்டுப்போயிற்று. காலை ஏழு மணிக்கு மனிதர் தடியோடு வந்து நின்றார். "நான் செத்துட்டேனா, இல்ல பிறக்கவே இல்லையா?" என்று கேட்டார். மறுநாள் அதே பக்கம், அதே இடம், அதே எழுத்தளவில் திருத்தம் போட்டேன். அதிலிருந்து அதுதான் என் முறை. பிழை நின்ற இடத்திலேயே திருத்தம் நிற்க வேண்டும். உள்பக்கத்தில் ஒளித்துவைக்கக் கூடாது.

ஒரு பத்திரிகைக்காரனுக்கு எழுதும்போது நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இது என் கேள்வி" என்று ஒன்றுக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் காதும் வெல்லமும் யாருடைய கேள்வி?

அக்கா கோவில்பட்டியில் இல்லை. உன் வீட்டில்தான் இருக்கிறாள்.

பத்மநாபன்

உன் கேள்விக்கு இதில் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

*

அல் கோபார்
16 ஜூன் 2004

அன்புள்ள மாமா,

பிடிபட்டேன். அம்மா ஏப்ரல் முதல் வாரம் வந்தாள். விசிட் விசா, அக்டோபர் ஆறு வரை. உங்கள் கடிதங்களை நான் வாசிக்கிறேன். பிறகு தனியாக எடுத்துப்போய் அவளும் வாசிக்கிறாள். "பாட்டியாகிவிட்டார்கள்" என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீயே எழுதேன் அம்மா என்றேன்.

"இல்லாதவ எப்படிட்டி லெட்டர் எழுதுவா? அவனுக்குத்தான் அக்கா தங்கச்சி யாருமில்லன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே. நீ எழுது. நீ யாருன்னு அவன் இன்னும் புஸ்தகத்துல போடல."

போனில் பேசச் சொன்னேன். அதற்கும் அதேதான். கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்று நாளாகச் சொல்கிறாள்.

இன்னொரு விஷயம். தன்யாவுக்குப் பரீட்சைத் தாள் வந்தது. கேள்வி நான்கு: கவிதையில் வரும் ஒருத்தி யார்? அவள் பதில்: "என் ஆச்சி. பெயர் வடிவு. இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஏசியை நிறுத்தச் சொல்வார்கள்." கேள்வி ஏழு: கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு. எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும், "உடன்பிறந்தவர் ஒருவர் உண்டு, அதனால் எனக்கும் அவர் தாத்தா" என்று எழுதியிருக்கிறாள்.

சிவப்பு மையில் இரண்டுக்கும் ஒரே குறிப்பு: பாடத்தில் உள்ளதை எழுதவும்.

"பட் இட்ஸ் ட்ரூ, ம்மா!" என்று அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவி, "டீச்சர் சரியாத்தான் போட்டிருக்கா. அவ என்ன செய்வா? அச்சுல இருக்குல்லா?" என்றாள். அன்றைக்கு அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. பசியில்லை என்றாள்.

எனவே அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன்.

உங்கள் காலில் புண் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அம்மா சொன்னது.

சந்தியா

*

அல் குசைஸ்
1 ஜூலை 2004

அன்புள்ள சந்தியா,

காலில் புண் இல்லை. அக்காவிடம் சொல்.

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இரண்டு முறை இந்தியில் வந்துவிட்டது. அதில் எழுதினால் அழகாக வருகிறது. அழகு வேண்டாமென்று கிழித்தேன்.

1971, செப்டம்பர் பதினான்கு. கான்பூரில் இந்தி தின விழா. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கவிதை வாசிக்கக் கடைசி நேரத்தில் அழைத்தார்கள், தமிழன் ஒருவன் மேடையில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று. அறிமுகம் செய்த பெரியவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவராகச் சொன்னார்: "இந்தப் பையனுக்குத் தாய் இல்லை, தந்தை இல்லை, கூடப்பிறந்தார் இல்லை. இந்தி இவனைத் தத்தெடுத்தது." அரங்கம் எழுந்து கை தட்டியது. எனக்குக் கண்ணீர் வந்தது. நம்பிவிட்டேன், சந்தியா. அது பொய் என்று உறைத்தது மறுநாள் காலையில்தான். அதற்குள் நாளிதழ் முதலாளி என்னை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்.

அம்மா நான் சிறுவனாயிருந்தபோதே போய்விட்டாள். அது உண்மை. அப்பா அன்று உயிரோடு இருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரும் மேடை. முதல் தொகுப்பின் பின்னட்டையில் அந்த வரி. இரண்டாவதிலும். பாடநூல்காரர்கள் குறிப்பை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஊரை மாற்றினேன். கடைசி வரியில் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். அதை எடுத்தால் மேலே உள்ள வரிகளில் எத்தனை என்னுடையவை என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத மருமகனுக்குத் திருத்தம் போட்டவன் நான்.

ஏன் வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை என்று அக்கா கேட்பாள். முதலில் கோபம். பிறகு வெட்கம். இது கோபத்தைவிட நீண்டுவிட்டது.

அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து பிப்ரவரி. சாத்தூரில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். எங்கள் வாசலில் சாம்பல், இன்னும் சூடாக. அட்டைகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் புத்தகங்கள் அக்காவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. இந்தி எதிர்ப்புக் கூட்டம் உள்ளே புகுந்து வீட்டைப் புரட்டியிருக்க வேண்டும். கவிதை நோட்டும் அதில் போயிற்று. நாற்பது கவிதை. நன்றாக இருந்திருக்காது.

அந்தக் கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு மொழியைத் தலையில் கட்டாதே என்றார்கள். அது நியாயம். குண்டடிபட்டுச் செத்தவர்கள் என் வயதுப் பிள்ளைகள். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனாலும் அது என் நோட்டு.

கதவு சாத்தியிருந்தது. அக்கா உள்ளே பயந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போனால் என்னைப் பிடித்துக்கொள்வாள், கிளம்ப முடியாது. அதனால் தட்டாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக.

மாமா

*

அல் கோபார்
13 ஜூலை 2004

அன்புள்ள மாமா,

நலம். கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

கான்பூர் மேடை வரை அசையாமல் கேட்டாள். தகரப் பெட்டி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள். முடிவுவரை துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு "போதும்ட்டி. இனி எழுதாத" என்றாள். காரணம் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். இந்தக் கடிதத்தைத் தனியாக வாங்கி வாசிக்கவில்லை.

மேடைப் பொய் அவளைச் சுட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்பா உயிரோடு இருந்தார் என்ற வரியும்.

அவள் பேச்சை மீறி எழுத எனக்கு மனமில்லை. கொஞ்ச நாள் பொறுங்கள்.

சந்தியா

*

அல் குசைஸ்
5 ஆகஸ்ட் 2004

அன்புள்ள சந்தியா,

நான் நலம். மாத்திரை நேரத்துக்கு. நீங்கள் எல்லோரும் சுகந்தானே? தன்யாவுக்குக் கோடை விடுமுறை எப்படிப் போகிறது?

இங்கே ஈரக்காற்று. கேம்ப்களில் மத்தியான வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தலையங்கம் எழுதினேன். ஒரு ஃபோர்மன் அதைச் சுவரில் ஒட்டினாராம், இன்னொருவர் கிழித்தாராம். மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கவிதை எழுதி எனக்கு இப்படி நடந்ததில்லை.

சுஐபு தினமும் கேட்கிறார். "லெட்டர் வந்துச்சா காக்கா?" இல்லை என்றால் அன்றைக்குக் குழம்பில் உப்பு குறைவதில்லை, கூடுகிறது.

மாமா

*

அல் குசைஸ்
29 ஆகஸ்ட் 2004

சந்தியா,

அக்காவின் கோபம் எனக்குப் பழக்கம். சின்ன வயதில் மூன்று நாள் பேசமாட்டாள். மூன்றாம் நாள் என் தட்டில் அப்பளம் ஒன்று கூடுதலாக விழும். அதுதான் சமாதானம். ஏழு வாரம் என்பது புதிது.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். எழுதினால் அதுவும் நன்றாகவே வரும். நான் அந்தத் தொழிலில் இருப்பவன். அவளுக்கு வேண்டியது அது அல்ல என்று படுகிறது. அச்சில் இல்லாதவள் என்று சொன்னாளே, அச்சில்தான் பதில் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நானும் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா

*

அல் குசைஸ்
20 செப்டம்பர் 2004

அன்புள்ள சந்தியா, அக்காவுக்கும் சேர்த்தே இது,

சௌக்கியம். ரத்த அழுத்தம் மட்டும் வெள்ளிக்கிழமை சற்று ஏறியிருந்தது. காரணம் கீழே.

இங்குள்ள இந்தி அன்பர்கள் வெள்ளிக்கிழமை ஒரு ஹோட்டலில் விழா எடுத்தார்கள். எனக்குப் பொன்னாடை. என் கவிதைகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவருவதாக அறிவிக்க இருந்தார்கள். செயலாளர் நல்ல மனிதர். மைக்கைப் பிடித்து அதே வரியைச் சொன்னார்: தாய் இல்லை, தந்தை இல்லை, கூடப்பிறந்தார் இல்லை. கைதட்டல் ஆரம்பித்தது. நான் எழுந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். முப்பத்து மூன்று வருடம் தாமதம்.

"கூடப்பிறந்தவள் இருக்கிறாள்" என்றேன். "1971இல் அப்பாவும் இருந்தார். என்னை யாரும் அனாதையாக விடவில்லை. நான்தான் வந்தேன். உங்கள் மொழி என்னைத் தத்தெடுக்கவில்லை. ஆசைப்பட்டு நானே அதன் வீட்டுக்குப் போனேன். அதற்கு அனாதையாக இருக்கத் தேவையில்லை."

யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர், "அப்படியென்றால் அந்தக் கவிதை பொய்யா, பாயி சாப்?" என்றார். கவிதை உண்மை, குறிப்புத்தான் பொய் என்றேன். பொன்னாடை போட்டார்கள். தொகுப்பைப் பற்றி அறிவிக்கவில்லை. பார்க்கலாம் என்றார் செயலாளர். பாடநூல் பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டேன். குறிப்பு தவறானால் பாடத்தையே எடுத்துவிடுவது எளிது என்று அங்குள்ள நண்பர் தொலைபேசியில் சொன்னார். எடுக்கட்டும்.

எங்கள் இதழின் முதல் வெளியீட்டில் மூன்றாம் பக்கம், இடது மேல் மூலையில் ஆசிரியர் குறிப்பு வந்தது. அதிலும் அந்த வரி உண்டு. நேற்று வெளியான இதழில் அதே பக்கம், அதே மூலை, அதே எழுத்தளவு. இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவுக்காகத் தமிழில்:

திருத்தம். இவ்விதழின் ஆசிரியருக்கு உடன்பிறந்தோர் எவருமில்லை என்று பல ஆண்டுகளாக அச்சாகி வருவது தவறு. அவருக்கு ஓர் அக்கா உண்டு. பெயர் வடிவு. வசிப்பது கோவில்பட்டி. தாயற்ற தம்பியை வளர்த்தவர் அவர். 'தீதீ' கவிதையில் வரும் ஒருத்தி பாரத அன்னை அல்ல, இவரே. ஊரே அவனுக்கு எதிராக நின்ற நாளிலும் அவன் பக்கம் இருந்தவர். தவறுக்கு ஆசிரியர் ஒருவரே பொறுப்பு.

தன்யாவுக்கு அந்த மதிப்பெண்களை வாங்கித்தர என்னால் ஆகாது. அவள் எழுதியதுதான் சரி என்று மட்டும் சொல்.

மாமா

*

அல் கோபார்
29 செப்டம்பர் 2004

தம்பி பத்மநாபனுக்கு அக்கா வடிவு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பேப்பரைப் பார்த்தேன். என் பெயர் எந்த இடம் என்று தன்யா விரலை வைத்துக் காட்டினாள். நான்கு எழுத்துப் போல இருந்தது. நன்றாக இருந்தது.

அதில் ஒரு வரி தப்பு. உன் பக்கம் இருந்தவள் என்று போட்டிருக்கிறாய். நான் இல்லை.

கூட்டம் உள்ளே புகவில்லை. வாசலில் நின்றது. இந்திப் புத்தகத்தை மட்டும் கொடுங்க, வேற எதையும் தொடமாட்டோம் என்று சத்தம் போட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எனக்கு நிச்சயமாகி இருபது நாள். கூட்டத்தில் உன் அத்தானும் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டுக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானேதான் உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தேன். மூன்று தடவை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மூன்றாவது தடவையில் உன் நோட்டு இருந்தது. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அது உன் கையெழுத்து என்று தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அதை எழுத ஆரம்பித்த பிறகு நீ என்னோடு பேசுவதே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவாய். எனக்கு அந்த நோட்டின் மேல் கோபம். ஊருக்கு இந்தி மேல் இருந்ததைவிட.

உள்ளே உட்கார்ந்து அழவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு நீ வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். நீ வரவில்லை.

இதை உன் அத்தானிடமும் நான் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை. முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில்.

உனக்கு யாருமில்லை என்று நீ சொன்னது பொய்யாக இருக்கலாம். அன்றைக்கு ஒரு நாள் அது சரிதான். நீ ஒன்றும் தெரியாமல் சொல்லிவிட்டாய். நான் தெரிந்து செய்தேன். ஆகையால் இந்த வரியையும் திருத்திப் போடு. இல்லை போடாதே. எது உன் தொழிலுக்குச் சரியோ அப்படிச் செய். ஆனால் தெரிந்துகொண்டு செய்.

வெல்லம் வேண்டாம். டாக்டர் சொன்னால் கேள்.

அக்கா

*

அம்மா கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினாள். முகவரி எழுத என்னிடம் தரவில்லை. தபாலில் போட வேண்டாம் என்றாள். விசா முடிய ஏழு நாள் இருந்தது. காலையில் விமல் ஆபீஸ் கிளம்பும்போது, தன் டிக்கெட்டைத் துபாய் வழியாக மாற்றித் தரச் சொன்னாள்.